புத்தகத்துக்கு ஆரத்தி எடுத்த கதை

போன வாரம் எங்க பழைய ஆபீஸ் வாட்ஸப் குரூப்ல ஒரு போட்டோ வந்துச்சு. ஃப்ரிட்ஜ் மாரி ஒரு பெட்டி, உள்ள வரிசையா லைட்டு. பழைய பேப்பர்ல இருக்கற கறைய வெளுக்க வைக்கிற மிஷினாம், புதுசா எறக்கியிருக்காங்க. ஜூனியருங்க எல்லாம் அதுக்கு ரெண்டு பக்கமும் கல்யாண ரிசப்ஷன் மாரி நின்னுக்கினு, "ஏழுமலை சார், உங்க காலத்துல இதெல்லாம் பாத்திருக்கீங்களா?"ன்னு ஒரு கேள்வி. பக்கத்துல கண்ணடிக்கிற பொம்ம வேற.

"பாத்திருக்கேன். உங்களுதவிட பெருசு. கரெண்ட் பில்லும் கெடையாது"ன்னு போட்டேன். சார் வழக்கம்போல கத வுட ஆரம்பிச்சுட்டாருன்னு சிரிச்சாங்க. அதான் ஒக்காந்து முழுசா எழுதறேன். நான் வுட்ட கதைங்க நெறைய உண்டு, இது மட்டும் நடந்தது.

எனக்கு வயசு ஒண்ணும் ஆயிடல. கழுத்தெலும்பு தேஞ்சு போனதால முன்னாடியே வி.ஆர்.எஸ். குடுத்துட்டு வந்தவன். டாக்டர், "இனிமே குனியக் கூடாது"ன்னாரு. "பேப்பர்கிட்டயா, ஆபீசருங்ககிட்டயா?"ன்னு கேட்டேன். ரெண்டுலயும் எனக்கு நல்ல சர்வீஸ். சென்னையில ஒரு பெரிய நூலகத்துல, பழைய புத்தகத்தப் பழுது பாக்கற பிரிவுல இருந்தேன். மொத வருஷம் முழுக்க மைதா மாவுல பசை காச்சறதுதான் பயிற்சி. எனக்குப் பொண்ணு பாக்கப் போனப்ப, "மாப்ள இன்னா வேல?"ன்னு கேட்டாங்க. எங்க மாமா பெருமையா, "கவர்மெண்ட்ல பசை காச்சறாரு"ன்னாரு. பொண்ணு வூட்ல, "எந்தக் கட்சிக்குப் போஸ்டர் ஒட்டறாரு?"ன்னு கேட்டாங்க. அதுக்கப்புறமும் குடுத்தாங்கன்னா அது அவங்க பெருந்தன்மை.

பயிற்சி அவ்ளோதான். மீதி எல்லாம் ஸ்டெல்லா மேடம்கிட்ட கத்துக்கினது.

ஸ்டெல்லா மேடம் எங்க பிரிவுக்குத் தலைவி. குரல ஒசத்திப் பேசி நான் பாத்ததே இல்ல. கோவம் வந்தா, "ரொம்ப சந்தோஷம்"ம்பாங்க. அவ்ளோதான். அந்த ரெண்டு வார்த்தைக்கு டெப்டி டைரக்டரே ரெண்டு நாளு லீவு போட்டிருக்காரு. திங்கக்கெழம காலைல எல்லாரும் வரிசைல நின்னு நகத்தக் காட்டணும், ஒண்ணாங்கிளாஸ் பசங்க மாரி. வேலைல ஒக்கார்றதுக்கு முன்னாடி அவங்க வாட்சு, வளையலு, மோதரம் எல்லாத்தையும் கழட்டி டிபன் பாக்ஸ்ல போட்டு மூடிடுவாங்க. ஒரு தடவ அவசரத்துல அந்த பாக்ஸத் தொறந்து எலுமிச்ச சோறுன்னு கைய வுட்டது நான்தான்.

எந்தப் புத்தகம் வந்தாலும் ஒடனே தொடக் கூடாது. மேசை மேல வெச்சுட்டு ஒரு டீ குடிச்சு முடிக்கிற வரைக்கும் கண்ணால மட்டும் பாக்கணும். "நீங்க பாக்கறத அது பழகிக்கட்டும், ஏழுமலை"ம்பாங்க. அப்புறம்தான் மெத்துன்னு இருக்கற பிரஷ்ஷு. அதையும் நடுத் தையல்லேருந்து வெளிப்பக்கமாத்தான் தள்ளணும். உள்பக்கமாத் தள்ளுனா தூசி போயி தையல்ல குந்திக்கும். இன்னொண்ணு வெயிலு. வெயிலு ஆகவே ஆகாது. எங்க ரூம்ல எப்பவும் கறுப்புத் திரை தொங்கும். ஒருநாள் கொஞ்சூண்டு வெலகியிருந்துச்சு, மேசை மேல ஒரு கோடு மாரி வெளிச்சம். என்னப் பாத்து, "ரொம்ப சந்தோஷம்"ன்னாங்க. அன்னிக்கு நான் சாப்புடல.

இனிமே கேசுக்கு வர்றேன்.

தியாகதுருகம் பக்கத்துல ஒரு ஊரு. அங்க ஒரு பெரிய விவசாயக் குடும்பத்து வூட்ல, மேல் ரூம் பூராவும் புத்தகம். அந்தக் காலத்துல அவங்க வூட்டுப் பெரியவரு ஒருத்தரு மல்லாட்ட, அதான் வேர்க்கடல, மூட்டைய மாட்டுவண்டில ஏத்திக்கினு புதுச்சேரிக்குப் போவாராம். ஒரு தடவ அங்க ஒரு வெள்ளக்காரரு ஊருக்குத் திரும்பிப் போறதுக்காக சாமானையெல்லாம் ஏலம் வுட்டுக்கினு இருந்திருக்காரு. இவரு கேட்டது தேக்கு அலமாரிய. அலமாரி எடுக்கறவங்க உள்ள இருக்கறதையும் எடுத்துக்கினு போவணும்னு சொல்லிட்டாங்க. வண்டி எப்பிடியும் காலியாத்தான திரும்புதுன்னு ஏத்திக்கினு வந்துட்டாரு. இந்தச் சுத்து வட்டாரத்துல மொத மொதல்ல ஒரு தனி வூட்டுக்கு நூலகம் வந்த கத இதுதான். அப்புறம் வந்தவங்க, அலமாரில எடம் இருக்குதேன்னு தமிழ்ப் புத்தகமா வாங்கி வாங்கி ரொப்பியிருக்காங்க.

நாங்க போனப்ப அந்த வூட்ல இருந்தவங்க தனபாக்கியம் அம்மா. வூட்டுக்காரரு தவறிப் போயி ஒரு வருஷம் ஆயிருந்துச்சு. அவரோட தம்பி சபாபதி. உரக்கடை வெச்சிருக்காரு. மேல் ரூம யூரியா குடோனா ஆக்கணும்னு அவருக்கு ஆச. அந்தம்மா வுடல. ஊர்ப் பெரியவங்க முன்னாடி பேச்சு வந்துச்சு. சபாபதி ஒரே வார்த்தையா சொல்லிட்டாரு: "சென்னையிலேருந்து ஆபீசருங்க வரட்டும். நாட்டுல லேசுல கெடைக்காத புத்தகம் ஒண்ணே ஒண்ணு இருக்குதுன்னு சொல்லட்டும். ரூமு அண்ணிக்கு. இல்லன்னா பழைய பேப்பர் வண்டி வரும்." அந்தம்மாவும் சரின்னு தலையாட்டிட்டாங்க.

நானும் அந்தப் பக்கத்துக்காரன், பாஷ தெரிஞ்சவன்னு என்னக் கூட்டிக்கினு மேடம் வந்தாங்க. ரெண்டு நாளு பாத்தோம். பாதிய செல்லுப்பூச்சி அரிச்சுட்டு இருந்துச்சு. மீதி எல்லாம் எல்லா ஊர்லயும் இருக்கறதுதான். மேடம் ஒண்ணொண்ணா மூடி வெச்சுக்கினே வந்தாங்க. தனபாக்கியம் அம்மா கதவாண்ட நின்னு, ஒவ்வொண்ணு மூடறப்பவும் கண்ண மூடித் தொறந்தாங்க.

கடைசில வந்துச்சு, உள்ளங்கை அளவுல ஒரு குட்டிப் புத்தகம். அட்ட எப்பவோ போயிடுச்சு. உள்ள லத்தீன். மேடம் நாலு பக்கத்தப் போட்டோ எடுத்து, லத்தீன் தெரிஞ்ச ஒரு பேராசிரியருக்கு அனுப்புனாங்க. அர மணி நேரத்துல போன். மனுஷன் போன்லயே குதிக்கிறாரு. பைபிள்ல வர்ற சங்கீதங்களாம் அது, சாமிப் பாட்டுங்க. ஐரோப்பால ஒரு பெரிய பண்டிதரு, அத அப்பிடியே எடுத்து பழைய ரோமாபுரிக் கவிங்க பாடுன சந்தத்துல திருப்பிப் பாடியிருக்காராம். நம்ம ஊர்ல கும்மிப் பாட்ட ஒரு புலவரு எடுத்து வெண்பாவா அடுக்குனா எப்பிடி, அந்த மாரி. "ஆனா இது திரும்பத் திரும்ப அச்சான புத்தகம் மேடம். ஆயிரத்தி அறுநூறுக்கு அப்புறம் அச்சானதுன்னா அங்கங்க கெடைக்கும். ஆயிரத்தி ஐநூறுகள்ல அச்சானதுன்னா எழுதுனவரு உயிரோட இருந்த காலம். இந்தியாவுல யாருகிட்ட இருக்கு அது! மொதப் பக்கத்துல அடில வருஷம் இருக்கும், பாத்து சொல்லுங்க"ன்னாரு.

மொதப் பக்கத்தப் பாத்தோம். மேல் பாதில பேரு இருக்கு. கீழ் பாதில மஞ்சளு. கறைன்னு சொல்ல முடியாது, அடை. தோச மாரி மொத்தமா.

"இன்னாம்மா இது?"ன்னு நான் கேட்டேன்.

"புள்ளையாருங்க"ன்னாங்க தனபாக்கியம் அம்மா.

"இதுலயா?"

"சரஸ்வதி பூசைக்கு எல்லாப் புத்தகத்தையும் எறக்கி அடுக்குவோம் இல்லீங்களா? பெருசு கீழ, சிறுசு மேல. இதுதான் எல்லாத்துலயும் சிறுசு. அதனால இது மேல வெத்தல வெச்சு, மஞ்சப் புள்ளையாரப் புடிச்சு வெப்போம். காலங்காலமா அதான் வழக்கம். அவரு ஈரமாத்தான இருப்பாரு, எறங்கிக்கினாரு."

சபாபதி வாசப்படில சாஞ்சுக்கினு, "வருஷத்த மறைச்சுக்கினு யாரு குந்தியிருக்கறதுன்னு பாத்தீங்களா மேடம்? புள்ளையாரே என் பக்கம்"ன்னாரு. கீழ டிராக்டர்ல யூரியா மூட்ட ஏத்தி ரெடியா நிறுத்தி வெச்சிருக்காரு மனுஷன்.

நான் மேடம் காதுகிட்ட போயி, "பழசுதான மேடம், அபூர்வம்னு சொல்லிட்டா போச்சு"ன்னேன்.

"ரொம்ப சந்தோஷம், ஏழுமலை"ன்னாங்க. வாய மூடிக்கினேன்.

வேல ஆரம்பிச்சுது. வளையலு டிபன் பாக்ஸுக்குப் போச்சு. டீ வந்துச்சு, குடிச்சுக்கினே பாத்தோம். அந்தப் பக்கம் தையல்லேருந்து ஏற்கனவே கழண்டு தனித் தாளாத்தான் இருந்துச்சு, அது ஒரு நல்லது. மூங்கில் குச்சியச் சீவி, பூதக்கண்ணாடி வெச்சுக்கினு, மேடம் அந்த மஞ்ச அடைய ஒவ்வொரு பொருக்கா தூக்குனாங்க. மூச்ச உள்ள வாங்கிட்டுத்தான் குச்சிய வெப்பாங்க, எடுத்தப்புறம்தான் மூச்ச வெளிய வுடுவாங்க. நான் பக்கத்துல ஒக்காந்து அவங்களோட சேந்து மூச்ச அடக்கி அடக்கி எனக்குத் தலை சுத்திடுச்சு. வுழுந்த தூள அந்தம்மா ஒரு காகிதத்துல வாங்கிக்கினாங்க. "சாமி அது, பெருக்கிடாதீங்க"ன்னாங்க.

பொருக்கு போச்சு. கறை போவல. கீழ் பாதி பூரா நல்ல மஞ்ச நெறம், எழுத்து ஒண்ணும் தெரியல.

அடுத்து மசி சோதன. எழுத்து மேல ஒரு சொட்டு தண்ணி வெச்சு, பிளாட்டிங் பேப்பரால ஒத்தி எடுக்கணும். கறுப்பு ஒட்டல. அச்சு மசி கெட்டி, நனைக்கலாம். தாள நைலான் வலை மேல படுக்க வெச்சு, எனாமல் ட்ரேல நல்ல தண்ணில எறக்குனோம். மஞ்சளு அசையல. சரி, பழைய தாள்ல புளிப்பு, அதான் ஆசிட்டு, ஏறியிருக்கும், அத எடுக்கறதுக்கு எல்லாத் தாளுக்கும் செய்யறத இதுக்கும் செய்வோம்னு, மேடம் தலையாட்ட, தெளிஞ்ச சுண்ணாம்புத் தண்ணிய எடுத்து நான் ஊத்துனேன்.

ஆபீஸ் ஃபைலு, கோர்ட்டுக் காகிதம், மேப்புன்னு ஆயிரம் தாளுக்கு இதச் செஞ்சிருக்கோம். எந்தக் கலெக்டரு ஃபைலுக்கு மஞ்ச வெச்சாரு? ரெண்டு பேருக்கும் அது தோணவே இல்ல.

ஊத்துன ஒடனே தாளு செவந்துச்சு. செவந்துச்சுன்னா, ரத்தச் செவப்பு. ட்ரே பூரா கொழம்புது.

"அய்யய்யோ! இன்னாங்க இது!"ன்னு அந்தம்மா வாயப் பொத்திக்கினாங்க.

சபாபதி எட்டிப் பாத்தாரு. "பயப்படாதீங்க அண்ணி. மஞ்சளும் சுண்ணாம்பும் சேந்தா இன்னா ஆவும்? ஆரத்தி கரைச்சிருக்காங்க. சார், மாப்ள பொண்ணு எப்ப வர்றாங்க?"

ரெண்டு கழுத வயசு எனக்கு. எங்க தெருவுல எத்தினி கல்யாணத்துக்கு ஆரத்தித் தட்டுல சுண்ணாம்பக் கரைச்சுக் குடுத்திருக்கேன். என் கல்யாணத்துக்கே எம்மேல சுத்தியிருக்காங்க. ஆனா நம்ம கையாலயே ஒரு புத்தகத்துக்கு ஆரத்தி எடுத்துட்டு மேடம் மூஞ்சியப் பாக்கறேன். சந்தோஷம் வரப்போவுது, இன்னியோட வேல போச்சு.

மேடம் ட்ரேயவே பாத்துக்கினு, மெதுவா, "ரொம்ப சந்தோஷம், ஸ்டெல்லா"ன்னாங்க.

தன்னையே சொல்லிக்கினாங்க. எனக்கு அழுவாத கொறதான். அலமாரிக் கதவு ஒண்ணு தொறந்து கெடந்துச்சு, தனபாக்கியம் அம்மா போயி அதச் சாத்திட்டு வந்தாங்க. முடிஞ்சு போச்சுன்னு அவங்களுக்கு.

மேடம் திடீர்னு கேட்டாங்க: "ஏழுமலை, வீட்ல வேட்டியில சாம்பார் கொட்டிட்டா என்ன பண்ணுவாங்க?"

"திட்டுவாங்க மேடம்."

"அப்புறம்?"

"சோப்புப் போடுவாங்க. செவ செவன்னு ஆவும். அதுக்கும் திட்டுவாங்க. அப்புறம் அப்பிடியே வெயில்ல..."

நான் நிறுத்திட்டேன். மேடம் என்னப் பாத்தாங்க. நான் மேடத்தப் பாத்தேன். கறுப்புத் திரை வெலகுனதுக்கு என்னப் பட்டினி போட்ட மனுஷி அவங்க.

"ட்ரேயத் தூக்குங்க"ன்னாங்க. "மாடிக்கு!"

தூக்கிக்கினு படியேறுனேன் பாருங்க, சபரிமலைக்கு இருமுடி சொமந்தவன்கூட அவ்ளோ பக்தியா ஏறியிருக்க மாட்டான். தண்ணி தளும்பி என் சட்டையெல்லாம் செவப்பு. மொட்ட மாடில மக்காச்சோளம் காய வெச்சிருந்தாங்க. அத ஒதுக்கி எடம் பண்ணி ட்ரேய வெச்சோம். நல்ல வெயிலு. மேற்கால கல்வராயன் மலைப் பக்கம் மட்டும் கறுப்பா ஒரு மேகம் நின்னுக்கினு இருந்துச்சு.

கொஞ்ச நேரம் ஒண்ணும் ஆவல. அப்புறம் ஓரத்துல செவப்பு காவி ஆச்சு. காவி, டீ நெறம் ஆச்சு. தண்ணிய மாத்துனோம். மறுபடி சுண்ணாம்புத் தண்ணி, மறுபடி வெயிலு. டீ நெறம் வெளுத்து, கீழேருந்து ஒரு கறுப்புக் கோடு மேல வர்ற மாரி எழுத்து வருது! மேடம் மண்டி போட்டுக்கினு குனிஞ்சு பாக்கறாங்க. ஊரு பேரு வந்துச்சு. அதுக்குக் கீழ வருஷம். ரோமன் எழுத்துல போட்டிருக்கான்.

"எம்!"னாங்க மேடம். "எம்முன்னா ஆயிரம்."

"அடுத்தது?"ன்னு கேட்டது யாருன்னு நெனைக்கிறீங்க? சபாபதி. எப்ப மாடிக்கு வந்தாருன்னே தெரியல.

"டி! ஐநூறு!" மேடம் நிமிந்து மூச்சு வாங்குனாங்க. "இப்ப மூணாவது எழுத்து. அது சி-ன்னா அறுநூறுக்கு மேல போயிடும். சி இல்லன்னா..."

"சி எப்பிடி இருக்கும்?"ன்னு கேட்டாங்க தனபாக்கியம் அம்மா.

"வளஞ்சு, அருவா மாதிரி இருக்கும்மா. அது வரக் கூடாது."

அப்பதான் நெழலு அடிச்சுது. மலைல நின்னுக்கினு இருந்த மேகம் எறங்கி வந்து சூரியன மூடிக்கிச்சு. ட்ரே அப்பிடியே நின்னு போச்சு. மூணாவது எழுத்து மேல காவி நெறம், நகராம குந்திக்கினு இருக்கு. காத்து வேற குளுந்து அடிக்குது.

"மழ வரும் மேடம்"ன்னாரு சபாபதி. "சோளத்த அள்ளணும். நான் மூட்டைய எறக்கச் சொல்லட்டா?"

"பத்து நிமிஷம் தம்பி"ன்னாங்க அந்தம்மா.

"அண்ணி, நான் நாலு மாசமா நிக்கிறேன்."

"நாலு மாசம் நின்ன. பத்து நிமிஷம் குந்து."

அவரு குந்திக்கினாரு, சோளத்து மேலயே. நான் புள்ளையார வேண்டிக்கினேன். கிறிஸ்தவப் பாட்டுக்கு அவரப் போயி வேண்டறது மொறையான்னு தெரியல, ஆனா கறையப் போட்டவரு அவரு, அவருதான எடுத்துக் குடுக்கணும்? பக்கத்துல மேடம் உதடு அசையுது. அவங்க அவங்க ஆளுகிட்ட கேட்டுக்கினு இருந்தாங்கபோல. எங்களுக்குள்ள ஒண்ணும் போட்டி இல்ல, யாரு மொதல்ல எடுத்தாலும் சரி.

மேகத்துல ஒரு கிழிசலு வுழுந்துச்சு. வெயிலு பளிச்சுனு ட்ரேல மட்டும் கொட்டுன மாரி எறங்குச்சு. மூணு தலையும் ஒண்ணா குனிஞ்சு டொக்குனு முட்டிக்கிச்சு. எனக்கு நெத்தி வீங்கிடுச்சு, யாரு தலைன்னு இன்னி வரைக்கும் தெரியல.

மூணாவது எழுத்தோட மேல் நுனி வந்துச்சு. கறுப்பா, கொஞ்சூண்டு.

"வளையுதா?"ன்னாங்க அந்தம்மா. அவங்க மட்டும் தள்ளி நின்னாங்க. கிட்ட வர தெம்பு இல்ல.

இன்னும் கொஞ்சம் வெளுத்துச்சு. கோடு எறங்குது. எறங்குது. நேரா எறங்குது! அடில வந்து சடார்னு வலது பக்கமா ஒரு கால நீட்டுச்சு.

"எல்!"

மேடம் கத்துனாங்க. குரல ஒசத்தாத ஸ்டெல்லா மேடம் மொட்ட மாடில நின்னு கத்துன கத்துல பக்கத்து வூட்டு மாடில துணி காயப் போட்டுக்கினு இருந்தவங்க, "இன்னா ஆச்சு தனபாக்கியம்?"ன்னு குரல் குடுத்தாங்க. "எல், ஏழுமலை, எல்! ஆயிரத்தி ஐநூத்தி அம்பதுக்கு மேல! எழுதினவரு இருந்த காலம்!"ன்னு என் ரெண்டு தோளையும் புடிச்சு உலுக்குறாங்க. நானும் குதிச்சேன். கழுத்தெலும்பு அன்னிக்குத்தான் மொதல்ல தேஞ்சிருக்கணும்.

தனபாக்கியம் அம்மா குதிக்கல. அப்பிடியே கைப்புடிச் செவுத்தப் புடிச்சுக்கினு ஒக்காந்துட்டாங்க. முந்தானைய வாய்ல வெச்சுக்கினு அழுவறாங்க.

சபாபதி எழுந்தாரு. துண்ட ஒதறுனாரு. நான் பயந்தேன், சொன்ன வார்த்தைய மாத்துவாரோன்னு. அவரு மாடி ஓரத்துக்குப் போயி கீழ பாத்து, "டேய், வண்டிய என் வூட்டுக்கே ஓட்டு. மூட்டைய வாசல் நடைல எறக்கு"ன்னாரு. டிராக்டர்காரரு இன்னாவோ கேட்டாரு. "வூட்டுக்காரி திட்டுவா. திட்டட்டும். ஓட்டு"ன்னாரு.

அப்புறம் அண்ணிக்கிட்ட வந்து நின்னாரு. "அண்ணி, அண்ணன் ராத்திரி பகலா மேல ஒக்காந்து இதத்தான் படிச்சுக்கினு இருந்தாரா?"

அந்தம்மா அழுவையோட சிரிச்சாங்க. "படிக்கறதா? உங்க அண்ணனுக்கு இதுல ஒரு எழுத்து தெரியாது. எடுத்து மோந்து பாப்பாரு. வெச்சுடுவாரு. அடுத்தத எடுத்து மோந்து பாப்பாரு. கேட்டா, ஒவ்வொண்ணுக்கும் ஒரு வாசன இருக்குதுடின்னுவாரு."

சபாபதி ட்ரேகிட்ட வந்து குந்துனாரு. வெரல தாளத் தொடாம, தண்ணிக்கு மேலயே நீட்டி, "இதா மேடம்? இந்த எழுத்தா?"ன்னாரு.

"அதான்."

"இந்த ஒத்தக் கால் குச்சியா என் குடோனத் தூக்கிச்சு?" கொஞ்ச நேரம் அதையே மொறச்சுப் பாத்தாரு. மூக்க ட்ரேகிட்ட கொண்டு போனாரு.

"வாசன வருதுங்களா?"ன்னு நான் கேட்டேன்.

"சுண்ணாம்பு வாசனதான் வருது"ன்னாரு. "காயட்டும். காஞ்சப்புறம் பாக்கறேன்." ஒரு காக்கா வந்து செவுத்து மேல ஒக்காந்துச்சு. துண்ட எடுத்து வீசி அத வெரட்டிட்டு, ட்ரே பக்கத்துலயே காலை மடக்கிக்கினு நல்லா ஒக்காந்துட்டாரு.